கணக்கப்பிள்ளை முதல் கணினி வரை – 7: துண்டு

சென்ற வாரம் தூத்துக்குடிக் கரையில் ஒருவனை நிற்க வைத்துவிட்டு முடித்தோம். தோட்ட வேலைக்காக இலங்கையின் கண்டிச் சீமைக்குக் கப்பல் ஏறப் போகிறான். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் வட்டமாக ஒரு தகர வில்லை. அதில் குத்தியிருப்பவை இரண்டே செய்திகள்: அவன் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளம், அவனுடைய எண். பெயர் இல்லை. அவனைக் கொண்டுபோவது யார், கப்பலா, கங்காணியா, தகரமா என்று கேட்டிருந்தேன்.

தகரம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. வழியில் சோறு, ரயில், கப்பல் எல்லாவற்றுக்கும் அரசு முதலில் செலவழிக்கும். பிறகு வில்லையில் உள்ள அடையாளத்தைப் பார்த்து அந்தந்தத் தோட்டத்திடம் வசூலித்துக்கொள்ளும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர்கூட ஒரு வார்த்தை பேசாமல் ஆயிரம் பேரைக் கரையேற்றிவிடலாம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் என்ற சிற்றூரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில், 1974 ஜூன் 26 அன்று முதன்முதலாக ஒரு பொருளின் பார்கோடு கடைக் கல்லாவில் வாசிக்கப்பட்டது. பொருள், ரிக்லி சூயிங்கம். வியாபார உலகத்தையே புரட்டிப்போட்ட நாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். சூயிங்கத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை நம் பாட்டன்மாருக்கு 70 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

சரி, அவன் தோட்டம் வந்து சேர்ந்துவிட்டான். விடியுமுன் தப்பு ஒலிக்கிறது. பிரட்டுக்களத்தில் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கிறான். கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடு. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு ‘பேர்’ விழும். மழை கொட்டி வேலை நின்றாலோ கொழுந்து குறைந்தாலோ ‘அரைப்பேர்’. ஒரு நாள் கூலிக்கு ‘பேர்’ என்று யார் பெயர் வைத்தார்களோ! தகரத்தில் தொலைந்த பெயர் செக்ரோலில் திரும்பிவந்தது, அதுவும் சில நாள் பாதியாக. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது கூடைப் பாரம், ஈரப் பாரம் என்று கழிப்பார்கள். தராசின் முள் எங்கே நின்றது என்பதை நிறுத்தவர்தான் பார்ப்பார். கொழுந்து பறித்தவள் அவர் வாயைப் பார்ப்பாள்.

இதெல்லாம் தோட்டத்துக்குள் நடந்த கணக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் ஓடிய கணக்கு வேறு. அதன் பெயர் துண்டு.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். 1869இல் இலைநோய் விழுந்து கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும். ஆட்களைத் திரட்டித் தருபவர் கங்காணி. தோட்டத்தை நடத்தும் துரை அவருக்கு முன்பணம் கொடுப்பார். அவர் ஊரில் கடன் அடைத்து, வழிச்செலவு பார்த்து ஆட்களைக் கொண்டுவருவார். அந்தப் பணம் முழுவதும், அதற்கு மேலும், ஆட்களின் பேரில் கடனாக நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பார். இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் இன்ன தொகை பாக்கி, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடத் தயார் என்பது அதன் சாரம். அவ்வளவுதான். பாதிக் காகிதம்.

அந்தப் பாதிக் காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு கங்காணி அடுத்த மலைக்குப் போவார். அங்கே ஆளுக்குத் தவிக்கும் துரை தொகையைக் கட்டி எல்லோரையும் எடுத்துக்கொள்வார். கங்காணிக்கும் மேலே கொஞ்சம் கைக்காசு. அதுவும் கடனில் சேரும். இப்படி மலை ஏறி இறங்க இறங்கத் தொகை ஊதிக்கொண்டே போகும். ஒரு சதம்கூடக் கையில் வாங்காதவன் முந்தைய வருடத்தைவிட அதிகக் கடன்காரன் ஆகியிருப்பான். வரவுசெலவில் ‘துண்டு விழுகிறது’ என்று சொல்கிறோமே, அவனுக்கு அது இரண்டு பொருளிலும் விழுந்தது.

கடையில் மொத்தம், சில்லறை என்பார்கள். தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர்களுக்கும் அதே சொல்தான்: பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணி பல இடங்களில் கடையும் வைத்திருந்தார். உப்பு, புளி, கருவாடு, புகையிலை எல்லாம் பற்றில்தான். யார் எவ்வளவு வாங்குகிறார், யார் வீட்டில் கல்யாணம் வருகிறது, யாரால் எவ்வளவு திருப்ப முடியும் என்பதெல்லாம் அவர் கொப்பியில் இருந்தது. இன்றைய கடைகள் வாடிக்கையாளர் அட்டை கொடுத்துச் சேர்க்கும் விபரத்தை அவர் எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பியிலேயே வைத்திருந்தார்.

துரைமாரின் கடை வேறு. 1844இல் வில்லியம் மில்ன் கண்டியில் ஒரு பண்டசாலை திறந்தார். கூட்டாளி டேவிட் சைம் கார்கில். இன்று நாடு முழுவதும் கிளை பரப்பியிருக்கும் கார்கில்ஸின் முதல் வேர் அதுதான். ஒரே மலையில் இரண்டு பேரேடுகள். துரை பெயர் ஒன்றில், கூலியாள் பெயர் மற்றதில். துரை கடனை அடைத்துவிட்டுக் கப்பல் ஏறலாம்.

துண்டால் துரைமாரும் நொந்துபோனார்கள் என்பதுதான் வேடிக்கை. 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்துக்கு இது தீராத தலைவலி. ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கும் போட்டியில், ஒருவர் துண்டு வாங்காமல் நின்றால் அவருடைய கொழுந்துதான் முற்றும். ரப்பர் வந்து ஆள்தேவை இன்னும் ஏறியது. ஒருவழியாக 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்குக் கொடுக்கும் சீட்டுக்கு மலையகத்தில் ‘பத்துச்சீட்டு’ என்று பெயர். பற்றுச்சீட்டு என்பதன் பேச்சு வடிவம். அது கைக்கு வந்தால் அந்தத் தோட்டத்தில் உனக்கு இடமில்லை என்று பொருள். அதே சொல் இன்று கண்டிக் கடைகளில் வேறு வேலை பார்க்கிறது. போன வாரம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். கல்லாவில் இருந்த பிள்ளை, “போன் நம்பரைச் சொல்லுங்க அங்கிள்” என்றாள். சொன்னேன். திரையில் என் பெயர் வந்தது. நான் போன மாதம் வாங்கியதும் உள்ளே எங்கேயோ இருந்திருக்கும். பற்றுச்சீட்டைக் கையில் தந்தாள். இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

கணக்கப்பிள்ளையின் பேனாவிலிருந்து அந்தப் பிள்ளையின் திரைக்கு வந்த வழியில் நாம் எதிர்பாராத ஒரு கடை குறுக்கிடுகிறது. கண்டியில் அல்ல, லண்டனில். அதுவும் டீக்கடை!

ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் 1894இல் பிக்காடிலியில் தன் முதல் டீக்கடையைத் திறந்தது. பிறகு அது இருநூறுக்கும் மேலான கடைகளாகப் பெருகியது. மலையில் கணக்கப்பிள்ளை எழுதியதைப் போலவே, அங்கே கடைக்குக் கடை பன்னும் பானும் எத்தனை போயின, எத்தனை விற்றன என்று ஒரு குமாஸ்தாப் படையே நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் வரும் லாபம் மிகச் சிறியது. அதைக் கூட்டிக் கழிக்கும் கைகளுக்கோ சம்பளம் கொடுக்க வேண்டும்.

1947இல் அந்த நிறுவனம் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. போர்க் காலத்தில் பீரங்கிக் கணக்குப் போடுவதற்காகத் தொடங்கிய ராட்சத மின்னணு இயந்திரம் ஒன்றைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அது பன் கணக்குப் போடுமா? பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரிடம் போய்க் கேட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் தேடும் இயந்திரத்தை ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஓர் ஊரைச் சொன்னார்.

அந்த ஊர் அமெரிக்காவில் இல்லை.

(தொடரும்)