அப்டேட் முடிஞ்சதும் எஃப் கீஸ் மக்கர் பண்ணுதா? கீபோர்டை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செஞ்சு பாருங்க!

டேலியில் சேல்ஸ் வவுச்சர் போட எஃப்8-ஐத் தட்டுறீங்க. வவுச்சர் வரலை, சவுண்டு கூடுது. எக்ஸெல்லில் எஃப்2-வைத் தட்டினா ஸ்க்ரீன் மங்குது. நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த லேப்டாப், விண்டோஸ் அப்டேட் முடிஞ்சதும் இப்படி ஆகிடுச்சா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை பக்கம் அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், டிராயிங் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. டேலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, பர்ச்சேஸுக்கு எஃப்9, ஆட்டோகேடில் நேர்கோடு போட எஃப்8. மாசக் கடைசியில் இது நின்னா வேலையே நிக்கும். அதுக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு, ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. அப்டேட் முடிஞ்ச கையோட மொத்த எஃப் வரிசையும் மாறியிருந்தா, பெரும்பாலும் கீபோர்டு மேல தப்பில்லை.

ஏன் இப்படி ஆகுது?

லேப்டாப்பில் ஒவ்வொரு எஃப் கீக்கும் ரெண்டு வேலை. ஒண்ணு எஃப்1 முதல் எஃப்12 வரையான வழக்கமான வேலை. இன்னொண்ணு சவுண்டு, வெளிச்சம், மைக் மாதிரி விஷயங்கள். எது முதல்ல வரணும்னு பயாஸ் செட்டிங்கில் பதிவாகி இருக்கும். வெளிச்சம் மாதிரி சில வேலைகளுக்கு லேப்டாப் கம்பெனியோட டிரைவரும் தேவை. விண்டோஸ் அப்டேட்டோட சில சமயம் பயாஸ் அப்டேட்டும், புது டிரைவரும் சேர்ந்தே வரும். அப்போ செட்டிங் மாறலாம், டிரைவர் பொருந்தாமப் போகலாம்.

முதல்ல ஒரு டெஸ்ட்

ரீஸ்டார்ட் கொடுத்து, திரை எரியும்போதே பயாஸ் கீயைத் தட்டுங்க. டெல், ஏசர், ஆசஸில் எஃப்2. ஹெச்பியில் எஃப்10. லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. வரலைன்னா எஃப்.என் கீயையும் சேர்த்து அழுத்துங்க. பயாஸ் திறந்தா அந்த கீ உயிரோடதான் இருக்கு.

சரி பண்ற வழிகள்

1. எஃப்.என் லாக்: எஃப்.என், எஸ்கேப் ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. லெனோவோ, டெல், ஆசஸ் மாடல்கள் பலதில் இதுவே போதும். எஸ்கேப் கீயில் குட்டிப் பூட்டுப் படம் இருக்கான்னு பாருங்க.

2. பயாஸ்: ஹெச்பியில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்', லெனோவோவில் 'ஹாட்கீ மோட்', டெல், ஏசரில் 'ஃபங்ஷன் கீ பிஹேவியர்'னு இருக்கும். அதை மாத்தி சேவ் பண்ணுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, முன்னாடியே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருந்து ரெக்கவரி கீயை எடுத்து வெச்சுக்கோங்க. பயாஸில் கை வெச்சா அதைக் கேட்க வாய்ப்பு இருக்கு.

3. வெளிச்சம் மட்டும் மாறலையா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்க. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு காட்டினா, கிராஃபிக்ஸ் டிரைவர் போயிடுச்சுன்னு அர்த்தம். லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்க மாடலுக்கான டிரைவரை இறக்குங்க.

4. மைக், சவுண்டு கீஸ்: லெனோவோ ஹாட்கீஸ், ஆசஸ் சிஸ்டம் கன்ட்ரோல் இன்டர்ஃபேஸ் மாதிரி கம்பெனி சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க.

5. கடைசி வழி: செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி போய் அந்த அப்டேட்டை நீக்கலாம். 10-லிருந்து 11-க்கு மாறியவங்க 10 நாளுக்குள்ள 'ரெக்கவரி'யில் பழையதுக்குத் திரும்பலாம். ஆனா, விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுபோச்சு. அதனால இதை நிரந்தரத் தீர்வா வெச்சுக்காதீங்க.

வேலை அவசரமா?

வெளிச்சத்துக்கு விண்டோஸ் கீயோட ஏ. திரையிலேயே கீபோர்டு வேணும்னா விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூணையும் அழுத்துங்க. அதில் எஃப்.என்-ஐத் தொட்டா எஃப் வரிசை வரும். யாரிடமாவது யூஎஸ்பி கீபோர்டு வாங்கி செருகினாலும் அன்றைய என்ட்ரியை முடிச்சிடலாம்.

அரசு லேப்டாப் வெச்சிருக்கீங்களா?

மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கினதே நம்ம காக்களூரில்தான். அந்தக் காலத்து லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கான தகுதியில் வராது. குறுக்கு வழியில் ஏத்தினா, அதுக்கான டிரைவரைக் கம்பெனி தராது. எஃப்.என் கீஸ் படுத்தா ஆச்சர்யப்படாதீங்க.

கம்பெனி கொடுத்த லேப்டாப்னா, பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஐ.டி ஆளிடம் கேட்டுடுங்க.

ஒரே ஒரு கீ மட்டும் எதிலும் வேலை செய்யலையா, தண்ணி கொட்டியிருக்கா? அப்போ கடைக்குப் போங்க. போனதும் 'கீபோர்டை மாத்துங்க'ன்னு சொல்லாதீங்க. 'அப்டேட்டுக்கு அப்புறம் இப்படி ஆச்சு, இதெல்லாம் செஞ்சு பார்த்தேன்'னு சொல்லுங்க. தேவையில்லாத பில்லைத் தவிர்க்க அதுவே நல்ல வழி.