அருவாமணை, சீனத்துக் கத்தி, ஒரு ஆள்காட்டி விரல்

கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. இன்னைக்கு கத்தி பற்றி. ஆபரேஷன் கத்தி இல்லை, வெங்காயம் அரியற கத்தி. டாக்டருக்கு சமையல்கட்டில் என்ன வேலைன்னு கேட்பீங்க. நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாகூர் பக்கம் ஒரு கிராமத்து அம்மா. அறுபதை நெருங்கும் வயசு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். எக்ஸ்ரே பார்த்துட்டு எல்லா டாக்டரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன்: "தரையில உட்காராதீங்கம்மா. அருவாமணையை எடுத்து வெச்சிட்டு மேடையில நின்னு கத்தியில அரிங்க." சொல்ல அரை நிமிஷம்கூட ஆகலை. மூணு வாரம் கழிச்சு இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுத்திக்கிட்டு வந்தாங்க. துணிக்குள்ள காப்பித்தூள். "நீங்கதானே சார் நின்னு அரியச் சொன்னீங்க?" கோபமா கேட்கலை, சும்மாதான் கேட்டாங்க. அதுதான் உறுத்துச்சு.

நல்லவேளை, நரம்பும் தசைநாணும் தப்பிச்சது. ரெண்டு தையல், ஒரு டிடி ஊசியோடு முடிஞ்சது. ஆனா நாற்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஊருக்கே சமைச்ச கை அது. என் ஒரு வரி அறிவுரையில் ஏன் வெட்டுப்பட்டது? அதைத் தேடிப் போனப்போ கிடைச்ச வரலாறுதான் இது.

முதல்ல பெயர். பலரும் 'அருவாமனை'ன்னு எழுதறோம். மனை என்றால் வீடு. சரியான சொல் அரிவாள்மணை. அகராதியில் 'அரிவாண்மணை' என்றே இருக்கும். மணை என்றால் உட்காரும் பலகை. மணமக்களை உட்கார வைக்கிறோமே, அதே மணைதான். அரிவாளோடு சேர்ந்த பலகை. கருவியின் பெயரிலேயே உட்காருவது இருக்கு பாருங்க.

வங்காளத்தில் இதற்கு போட்டி, மராட்டியத்தில் விளி, ஆந்திராவில் கத்திப்பீட்டா. 19ஆம் நூற்றாண்டு கல்கத்தாவின் காளிகாட் ஓவியங்களில், இதே கருவி முன்னால் உட்கார்ந்து பெரிய மீனை அரியும் பெண் இருக்கிறாள். நம்ம மீன் மார்க்கெட் அக்காக்களை அப்படியே வரைஞ்ச மாதிரி இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. அருவாமணையில் கத்தி அசையாது, காய்தான் அசையும். ஒரு காலை மடக்கி மணையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, காயை ரெண்டு கையாலயும் பிடிச்சு கத்தியை நோக்கித் தள்ளுவோம். கத்தி எங்கே நிக்குதுன்னு மூளைக்கு எப்பவும் தெரியும். மேடைக்கத்தி இதுக்கு நேர் எதிர். காய் அசையாது, கத்தி அசையும். ரெண்டு கையும் சேர்ந்து செய்த வேலையில் இப்போ ஒரு கை வெட்டுது, ஒரு கை வெட்டுப்படுற இடத்தில் நிக்குது. நாற்பது வருஷப் பழக்கத்தைத் தலைகீழா மாத்தச் சொல்லிட்டு, எப்படின்னு நான் சொல்லித் தரலை.

இப்போ சீனாவுக்குப் போவோம். அங்கே வீட்டுக்கு வீடு ஒரே ஒரு அகலக் கத்தி. பேரு 'சாய்தாவ்', சாய் என்றால் காய்கறி, தாவ் என்றால் கத்தி. பார்க்க கசாப்புக்கடைக் கத்தி மாதிரி செவ்வகமா, முரட்டுத்தனமா இருக்கும். ஆனா முதுகில் ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான். எலும்பு வெட்டறதுக்கு வேற கனமான கத்தி இருக்கு. மெல்லியதை வாங்கி ஆட்டு எலும்பில் போட்டா விளிம்பு பல்லுப்பல்லா உடைஞ்சு போகும். இங்கே 'சைனீஸ் சாப்பர்'னு பார்த்து வாங்கறவங்க முதல் வாரமே செய்யற தப்பு இது.

ஆனா சீனாக்காரங்களும் ஆதியிலிருந்து நின்னுக்கிட்டு சமைச்சவங்க இல்லை. சுமார் 1,800 வருஷம் முந்தைய ஹான் காலக் கல்லறை ஒன்று ஷாண்டோங் மாகாணத்தில் இருக்கு. அதன் கல்லில் ஒரு பெரிய சமையல்கட்டையே செதுக்கி வெச்சிருக்காங்க. அதில் காயும் இறைச்சியும் அரியறவங்க தரையில் மண்டியிட்டு, குட்டையான பலகை மேல்தான் அரியறாங்க. அப்போ சீனாவே தரையில் உட்கார்ந்த நாடு. நாற்காலி மெல்ல மெல்ல வந்து, சோங் காலத்தில் வீடுகளில் பரவுது. அந்தக் காலத்துச் செங்கல் சிற்பம் ஒன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. மேசை முன்னால் ஒரு பெண் நிக்கிறாள். சட்டைக் கையை மேலே ஏத்தி விட்டுக்கிறாள். மேசையில் வட்டக் கட்டை, மீன், பக்கத்தில் கத்தி. அந்தச் சிற்பத்தை நான் படமாத்தான் பார்த்திருக்கேன். பார்த்ததும் பாகூர் அம்மா ஞாபகம்தான் வந்தது. உட்காரும் உயரம் மாறினா அரியற உயரமும் மாறுது. அங்கே அதுக்கு நூற்றாண்டுகள் கிடைச்சது. அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரு மருந்துச் சீட்டு.

நமக்கும் சீனாவுக்கும் உறவு புதுசு இல்லை. நம்ம அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடுகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவோம். சோழர் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளும் அங்கே கிடைச்சிருக்கு. நாகப்பட்டினத்தில் 1867 வரைக்கும் 'சீனா கோபுரம்'னு ஒண்ணு நின்னுது. சீனி, பீங்கான், சீனாச்சட்டி எல்லாம் வந்து நம்ம சமையல்கட்டில் பேர் எடுத்துக்கிச்சு. சட்டி வந்தது, கத்தி மட்டும் ஏன் வரலை? என் கணிப்பு இது: சட்டியைத் தரை அடுப்பிலும் வைக்கலாம். அகலக் கத்திக்கு இடுப்பு உயர மேடை வேணும். நம்ம கிராமங்களில் அது இல்லை. விறகு அடுப்பு தரையில், அம்மி தரையில், அருவாமணை தரையில். கேஸ் அடுப்பு வந்து, அதுக்காக மேடை கட்டின பிறகுதான் சமையல்கட்டு எழுந்து நின்னுது. பல கிராம வீடுகளில் அது 2016 உஜ்வாலா திட்டத்துக்கு அப்புறம் நடந்தது. அடுப்பு மேலே ஏறிடுச்சு, அருவாமணை கீழேயே இருந்துடுச்சு.

புதுச்சேரிக்குன்னு ஒரு குறுக்குவழியும் இருந்தது: சைகோன். 1862இல் கொச்சின்சீனா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நம்ம ஊர் ஆட்கள் எழுத்தராக, போலீசாக, சிப்பாயாகக் கப்பல் ஏறினாங்க. வியட்நாமியப் பெண்களைக் கட்டிக்கிட்டுத் திரும்பினவங்களும் உண்டு. அந்தக் குடும்பங்களில் அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கிற 'சாயோ' இன்னைக்கும் செய்யறாங்க. உள்ளே வைக்கிற இறைச்சியையும் காயையும் பொடிப்பொடியா கொத்தணும், அதுக்கு அகலக் கத்திதான் வாகு. வில்லியனூர் பக்கம் ஒரு 'சொல்தா' வீட்டுக்கு வயசானவரைப் பார்க்கப் போயிருந்தேன். பரணிலிருந்து அவர் மகள் துணி சுத்தின ஒரு கத்தியை எடுத்துக் காட்டினாங்க. "எங்க ஆயா சைகோன்லேருந்து கொண்டாந்தது சார்." கறுத்துப்போன இரும்பு, கைப்பிடி மட்டும் புதுசு. பரணில் ஏன் இருக்குன்னு கேட்டேன். "அம்மாவுக்கு அருவாமணைதான் பழக்கம்." அவ்வளவுதான் வரலாறு!

ஒரு பக்கக் கதை, சொல்லாம இருக்க முடியலை. தைவான் கையிலிருக்கும் கின்மென் தீவு மேல், 1958 ஆகஸ்ட் 23 தொடங்கி 44 நாளில் சீனா நாலரை லட்சத்துக்கும் மேல் குண்டு வீசியது. அந்தக் குண்டு ஓடுகளின் எஃகை வெட்டி எடுத்து அங்குள்ள கொல்லர்கள் சமையல் கத்தி அடிச்சாங்க. இன்னைக்கும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிட்டுப் போறாங்க. நம்ம கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அரிவாளா அடிக்கிறதுக்கு அண்ணன் முறை.

சரி, முழங்காலுக்கு வருவோம். பெய்ஜிங்கில் அறுபது தாண்டினவங்களிடம், '25 வயசில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தவெச்சு உட்கார்ந்திருப்பீங்க'ன்னு கேட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க. 2004இல் வெளியான அந்த ஆய்வில், அதிக நேரம் குத்தவெச்சவங்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகமா இருந்தது. குத்தவைக்கிறதும் சம்மணம் போடறதும் ஒண்ணு இல்லை, இதைக் காட்டி யாரும் தரையில் உட்காரவே கூடாதுன்னு சொல்லிடாதீங்க. வலி இல்லாதவங்க தாராளமா உட்காருங்க. ஏற்கெனவே தேய்ஞ்ச மூட்டுக்கு முழுசா மடக்கி எழுந்திருக்கிறதுதான் பாரம்.

அப்படிப்பட்டவங்க வீட்டில் மேடைக்கு மாறும்போது, நான் அன்னைக்குச் சொல்லாம விட்டதை இப்போ சொல்றேன். பலகை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும். பலகைக்கு அடியில் ஈரத்துணி போடுங்க, வழுக்காது. கைப்பிடியை மட்டும் பிடிக்காதீங்க. கத்தி ஆரம்பிக்கிற இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிங்க. காயைப் பிடிக்கிற இடது கையில் விரல் நுனி உள்ளே மடங்கணும், நடு முட்டி முன்னால் இருக்கணும். கத்தியின் தட்டையான பக்கம் அந்த முட்டியை உரசிக்கிட்டே போகணும். இங்கேதான் சீனத்துக் கத்தியின் அகலம் உதவுது. எட்டு, பத்து சென்டிமீட்டர் உயரச் சுவர் மாதிரி முட்டியோடு ஒட்டி நிக்கும். விளிம்பை முட்டிக்கு மேலே தூக்காத வரை விரல் மேல் ஏறாது. ஒல்லியான ஸ்டீல் கத்தியில் இந்தச் சுவர் கிடையாது, முட்டியைத் தாண்டிடும். மழுங்கின கத்தி இன்னும் மோசம், அழுத்துவோம், சறுக்கும். சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்தா கூப்பிடுங்க. இரும்புக் கத்தின்னா கழுவி உடனே துடைச்சு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வையுங்க.

வெட்டுப்பட்டா: குழாய்த் தண்ணியில் நல்லா கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க, கையைத் தூக்கி வையுங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். விரல் நுனியை மடக்க முடியலைன்னாலோ, மரத்துப் போயிருந்தாலோ அன்னைக்கே கையை ஆபரேஷன் செய்யற டாக்டரிடம் போகணும். சின்ன வெட்டா தெரிஞ்சாலும் உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம்.

அந்த அம்மாவுக்கு சிங்கப்பூரில் வேலை செய்யும் மருமகன் ஒரு சாய்தாவ் வாங்கிட்டு வந்தார். கிளினிக்குக்கே எடுத்து வந்துட்டாங்க. பக்கத்துக் கடையில் ஒரு வெள்ளரிக்காய் வாங்கி, மேசை மேலேயே ரெண்டு பேரும் பழகினோம். வெளியே பேஷண்ட் காத்திருந்தாங்க, திட்டும் வாங்கினேன். அடுத்த மாசம் வந்தப்போ விசாரிச்சேன்.

"காயெல்லாம் இதுல ஆயிடுது சார். கீரைகூட."

"மீனு?"

சிரிச்சாங்க. "மீனுக்கு மட்டும் ஒரு முக்காலி போட்டு அருவாமணைதான். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சேன்."

முக்காலி எவ்வளவு உயரம்னு மட்டும் கேட்டேன். முழங்கால் உயரம்னாங்க. மருமகன் அருவாமணைக்கும் அதே உயரத்தில் ஒரு பெட்டி அடிச்சுக் கொடுத்திருக்காராம்.