செக்ரோலும் ஒரு கோப்புதான்

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் ஆட்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி செக்ரோலில்தான் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிவிட்டு, கிராணி ஆபீசில் உட்கார்ந்து எழுதிய பேரேடு அது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை நாள் சம்பளம், எவ்வளவு பிடித்தம். எழுதியது ஆங்கிலத்தில், இருந்தது கம்பெனி அலமாரியில். அதில் பெயர் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். தோட்டம் கைமாறியபோது பேரேடும் கைமாறியது, இல்லாவிட்டால் காணாமல் போனது.

நம் வீடுகளில் மிஞ்சியது வேறு வகைக் காகிதம். கோவில் திருவிழா நோட்டீஸ், பள்ளிப் பரிசளிப்பு விழா மலர், கல்யாணப் பத்திரிகை, கருமகிரியை அறிவிப்பு, சுவரில் மாட்டிய ஒரு குரூப் போட்டோ. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இணையத்தளம் அமைக்கத் தொடங்கியபோது எங்கள் கையில் இருந்தவை இவைதான். அந்தத் தளத்துக்குத் தரவுத்தளம் வேண்டாம், வெறும் கோப்புகள் போதும் என்று முடிவு செய்தோம். கேட்பதற்குத் தொழில்நுட்ப முடிவு மாதிரி இருக்கும். என்னைப் பொறுத்தவரை அதன் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1900-களின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தெனமாரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் பயிரிடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: தென்னமரம். தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு செம்பனைக்குப் புகழ்பெற்ற இடம். பின்னாளில் அவர் தன் மலாயா வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்ற நாவலை எழுதி, 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசை வாங்கினார். தொரையின் தோட்டம் பாரிஸில் இலக்கியமாகிவிட்டது. அதே மண்ணில் காடு வெட்டி, கன்று நட்டவர்களின் பக்கத்திலிருந்து நமக்கு மிஞ்சியது, அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். ஆயாக் கொட்டகையிலும் கோவில் ஓரத்திலுமாக அந்தப் பள்ளிகள் நடந்தன. எழுத்து வந்தது. எழுதியதை வைக்க ஓர் அலமாரிதான் வரவில்லை.

அடுத்த சிக்கல் பெயர். 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வேலையும் வீடும் போய், வீட்டுரிமைக்காகப் பல வருடம் அலைந்தார்கள். தோட்டம் போன பிறகும் நைஜல் கார்ட்னர் என்ற பெயர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பலகையில் நிற்கிறது. தோட்டத்தைவிடப் பள்ளிக்கூடத்தின் பெயர் அதிக நாள் வாழ்வது இந்தப் பக்கத்தில் சாதாரணம். ஆக, ஒரே இடத்துக்கு ஆங்கிலப் பலகையில் ஒரு பெயர், மலாய் வரைபடத்தில் இன்னொன்று, நம்ம ஆளுங்க வாயில் மூன்றாவது. இவற்றில் எதை இணைய முகவரியாக வைப்பது?

இதற்குப் பதில் சொல்லுமுன், தமிழ் இணையத்துக்கு ஏறிய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணையப் பக்கம் ஏறியது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். அதற்கான எழுத்துருவை இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் பக்கம் முழுக்கக் கோணல்மாணலாகத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று தரங்கள் வந்தன, போயின. 1991-இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தாலும், அது நம் கணினிகளில் பழக்கமாக 2000-க்கு மேல் ஆனது.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய குறியாக்கங்கள் இன்று வழக்கில் இல்லை, ஆனால் நூல்கள் இருக்கின்றன. ஏன்? ஒவ்வொரு நூலும் தனித்தனிக் கோப்பு. குறியாக்கம் மாறியபோது கோப்புகளை மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவர முடிந்தது. அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் குடியிருந்த எத்தனையோ பக்கங்கள், 2009-இல் அது மூடப்பட்டபோது நகல் இல்லாமல் போயின. குறியாக்கம் செத்தால் கோப்பு பிழைக்கும். இருக்கும் ஒரே நகல் அடுத்தவர் வீட்டில் இருந்தால் பிழைக்காது.

பெரும்பாலான தளங்கள் இன்று வேர்ட்பிரஸ் மாதிரியான மென்பொருளில் இயங்குகின்றன. அதில் நீங்கள் எழுதுவது ஒரு தரவுத்தளத்தின் அட்டவணைக்குள் போய் உட்காரும். வாசகர் பக்கத்தைக் கேட்டால், மென்பொருள் அந்த அட்டவணையைத் துழாவிப் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2018-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை இயல்பான குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது, வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷ் மொழிக்கானது, ஏனென்றால் அதைச் செய்தது ஒரு சுவீடன் நிறுவனம். அதைக் கவனிக்காமல் தமிழை ஏற்றி, பிறகு நகல் எடுத்து வேறு வழங்கியில் இறக்கினால், எழுத்துகளின் இடத்தில் புரியாத குறிகள் வந்து நிற்கும்.

கோப்பு அடிப்படையிலான முறையில் அட்டவணை கிடையாது. ஒரு பக்கம் என்றால் ஓர் உரைக் கோப்பு. அதைச் சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். 2004-இல் வந்த டோக்குவிக்கி இப்படித்தான் இயங்குகிறது. அதே ஆண்டு வந்த மார்க்டவுன், தலைப்பு, சாய்வெழுத்து, இணைப்பு எல்லாவற்றையும் சாதாரணக் குறிகளாலேயே எழுத வழி செய்தது. நாங்கள் எடுத்தது 2014-இல் வந்த கிராவ். நிறுவல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிஎச்பி ஓடும் ஒரு வழங்கியில் கோப்புறையை விரித்து வைத்தால் தளம் தயார். தோட்டத்துக்கு ஒரு கோப்புறை. உள்ளே ஒரு மார்க்டவுன் கோப்பு, பக்கத்திலேயே அந்தத் தோட்டத்துப் படங்கள். கோப்பின் தலையில் சில வரிகள்: பெயர், பழைய பெயர்கள், சொன்னவர், கேட்ட நாள், எழுதியவர். செக்ரோலுக்கும் கட்டங்கள் உண்டு. எங்கள் கட்டங்களில் 'சொன்னவர்' என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோப்புறைக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்றால், அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறிகள், சேமிக்கும்போது 21 பைட். ஆனால் 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒன்றாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பிரித்தால் 24 பைட். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்தே சேமித்தன. லினக்ஸ் வழங்கி கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரே சொல், வழங்கிக்கு இரண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது 'இல்லை' என்று வரும். போதாததற்கு, அந்த நான்கு எழுத்தை முகவரியாக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பல நேரம் விழுக்காட்டுக் குறிகளோடு 63 எழுத்தாக நீண்டு நிற்கும்.

அதனால் கோப்புறைகளுக்கு ஆங்கிலப் பலகைப் பெயரை வைக்கலாம் என்றேன். எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம எடத்துலயும் தொரை பேருதான் வாசல்ல நிக்கணுமா?" அதற்கு என்னிடம் தொழில்நுட்பப் பதில் இருந்தது, நியாயமான பதில் இல்லை. பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வன்தட்டில் கோப்புறைக்குப் பலகைப் பெயர், ஏனென்றால் நில ஆவணத்திலும் பள்ளிப் பலகையிலும் தேடுபவர்களுக்கு அதுதான் கிடைக்கும். பக்கத்தின் தலைப்பு தமிழில். மற்ற எல்லாப் பெயர்களையும், பேச்சில் வழங்கும் பெயர் உட்பட, கோப்பின் தலையில் மாற்று முகவரிகளாகச் சேர்ப்பது. கிராவ் அதற்கு இடம் தருகிறது. எந்தப் பெயரில் வந்தாலும் அதே வீட்டுக்கு வந்து சேரலாம். ஓகாரத்தைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பதையும் விதியாக வைத்தோம். ஆசிரியர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, இப்போதைக்கு" என்றார்.

இந்த முறைக்குக் குறைகள் உண்டு. பல்லாயிரம் பக்கங்கள் சேர்ந்தால் தேடல் மந்தமாகும். இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் எழுதியது அழியலாம். அதற்காக 2005-இல் வந்த கிட் என்ற கருவியைச் சேர்த்துக்கொண்டோம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை அது வைத்திருக்கும். இன்னொரு ஆபத்து தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது அல்ல. பழைய காகிதங்களில் அடையாள அட்டை எண்ணும் கடன் கணக்கும் இருக்கும். நம்மைப் பற்றிக் கம்பெனி எழுதியதையெல்லாம் நாமே ஊருக்குத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அவற்றை மறைத்துத்தான் படம் ஏற்றுகிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இதற்கு ஈடு கிடையாது. தளம் முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம். வழங்கிக் கட்டணம் கட்ட ஆள் இல்லாமல் போனாலும், கிராவே வழக்கொழிந்தாலும், உரைக் கோப்பைத் திறக்க முடியும். செக்ரோல் ஒரே நகலாக ஒரே அலமாரியில் இருந்தது, சாவி நம்மிடம் இல்லை. இதற்குச் சாவியே கிடையாது. பினாங்கில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், சிட்னியில் ஒருவர் என்று வைத்திருந்தால் போதும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் இதைப் படிக்கும் இளைஞர்களுக்குச் சொல்வேன். பாட்டி ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னால், ஒரு வெற்று உரைக் கோப்பைத் திறந்து அந்தப் பெயரை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். கீழே அவர் பெயர், இன்றைய தேதி. தளம் பிறகு வரட்டும்.