நத்தாருக்கு முந்திய நாள்கள்

அரசர் பிறப்பித்த ஆணைகளை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அவ்வாணைகளின்கீழ் வாழ்ந்த குடிமக்கள் தம் நாள்களை எவ்வாறு கழித்தனர் என்பதை அவை அருகியே கூறும். ஒரு பண்டிகையை அரசாணை அழிக்கவல்லதோ என்னும் வினாவுக்கு விடை காண வேண்டின், அப்பண்டிகை நாளை மட்டுமன்றி அதற்கு முந்திய நாள்களின் வாழ்வையும் நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தின் சந்தை நகரங்களை முதலில் நோக்குவோம். சுற்றுப்புறக் குடியானவர் வாரந்தோறும் அங்கே கூடிக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். நத்தார் நெருங்குங்கால் வாத்தும் இறைச்சியும் வாசனைத் திரவியங்களும் மிகுதியாக விலைப்பட்டன. தோமையார் திருநாளாக அக்காலத்திற் கொண்டாடப்பட்ட டிசெம்பர் 21ஆந் தேதி, வறிய பெண்கள் வீடுதோறுஞ் சென்று கோதுமை பெறும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. அது பிச்சையன்று, வழக்குரிமை எனவே மதிக்கப்பட்டது.

பியூரித்தன் கொள்கையினர் மேலோங்கிய பாராளுமன்றம் 1647ஆம் ஆண்டில் நத்தாரைத் தடைசெய்தது. தென்கிழக்கு இங்கிலாந்தின் கன்ரபரி நகரத் தலைவர், பண்டிகை நாளன்று சந்தை வழக்கம்போல நடைபெறுதல் வேண்டுமெனக் கட்டளையிட்டார். கடை திறந்தோர் சிலரே. மக்கள் அக்கடைகளின் பொருள்களை வீதியில் எறிந்தனர், வாயில்களிற் பசுந்தழை வைத்தனர், கலகம் மூண்டது. 1660இல் முடியாட்சி மீண்டபோது பண்டிகையும் வெளிப்படையாக மீண்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் நம் கடற்கரையிலும் இதனையொத்த சோதனை ஒன்று தொடங்கியது. 1560இற் போர்த்துக்கேயர் கைப்பற்றிய மன்னாரை 1658இல் ஒல்லாந்தர் வென்றனர். கத்தோலிக்க வழிபாடு விலக்கப்பட்டது; குருமாருக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரணதண்டனை என ஆணை பிறந்தது. 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வடபகுதிக் கத்தோலிக்கர் குருவின்றியே வாழ்ந்தனர். ஆயினும் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்காக வீடுகளிற் கூடியிருந்த பலரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். சிறைப்பிடிக்க அத்துணைப் பேர் இருந்தமையே பண்டிகை அழியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

குருவில்லாத அவ்வாண்டுகளில் அதனைக் காத்தவர் யாவர்? பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் ஊர் மூப்பருமே எனல் பொருந்தும். மொழியும் இதற்குத் துணைநிற்கின்றது. நத்தார் என்பது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. ஒல்லாந்தர் 138 ஆண்டுகள் ஆண்டும் தம் சொல்லை அதனிடத்தில் ஏற்ற இயலவில்லை. பாண், சப்பாத்து என்பவை போன்று அச்சொல்லும் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் வாழ்ந்தது.

சைவ மக்களுக்கும் இவ்வனுபவம் புதிதன்று. திருக்கேதீச்சர ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அந்நியர் ஆட்சியில், விரதமிருந்து உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழி வழங்கும் செய்தி. அடக்கியவர் மாறினர், அடங்கியவரும் மாறினர், வீட்டினுள்ளே மறைத்துக் காத்த முறை மட்டும் மாறவில்லை.

ஓலைத்தொடுவாய் முதலான மன்னார்த் தீவின் ஊர்களில் டிசெம்பர் மாதம் வாடைக்காற்றும் மழையும் மிகும் காலம். மழை விட்ட வேளை பார்த்து வீடுகளுக்கு வெள்ளையடிப்பர், மன்னார்ப் பட்டினத்துக் கடைகளிற் புத்தாடை வாங்குவர், பாலன் குடில் அமைப்பர், பலகாரஞ் சுடுவர். அதே மார்கழியிற் சைவர் திருவெம்பாவைக்கு வைகறையில் எழுவர். பலகாரத் தட்டு மதம் பாராது வேலி கடக்கும்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. போருக்கஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் பல கடல்கடந்து இராமேசுவரஞ் சென்றன. நத்தாரை விலக்கும் ஆணை எதுவும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் தட்டை ஏற்க அயலவர் இல்லை. ஆணையால் ஆகாததை அயலாரின் பிரிவு செய்தது. ஆதலின், ஒரு பண்டிகையின் உயிர்நிலை அயலுறவே என்பது தெளிவு. போர் 2009இல் ஓய்ந்தபின் மீண்டு வந்தோர் அவ்வுறவையும் மீட்டுக் கட்ட வேண்டியவராயினர்.

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் யார் யார் வீட்டுக்கு என்ன சென்றது என்பதை மாணவர் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. அரசாணைகள் சுவடிச்சாலையிற் கிடைக்கும். இச்செய்தி அம்முதியோரிடம் மட்டுமே கிடைக்கும்.