வாழையின் தந்தைவழி: திருச்சிக் கலப்பின ஆய்வில் மைட்டோகாண்டிரியாவின் இடம்

அந்தநல்லூரிலிருந்தும் ஜீயபுரத்திலிருந்தும் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வந்திறங்கும் பூவன் தாரை மரபியலாளர் ஏஏபி என்று குறிப்பார். கற்பூரவல்லி ஏபிபி, நெய்ப்பூவன் ஏபி. சிம்மண்ட்சும் ஷெப்பர்டும் 1955இல் வகுத்த முறை இது. மூசா அக்யூமினாட்டா (ஏ), மூசா பால்பிசியானா (பி) என்ற காட்டினங்கள் இரண்டின் பங்கையும் 15 புறப்பண்புகளுக்கு மதிப்பெண் போட்டுக் கணிக்கிறார்கள். இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் அதன் பள்ளத்தின் விளிம்புகள் விரிந்து கிடப்பது ஏ-யின் அடையாளம். உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்வது பி-யின் அடையாளம். பூமடல் வெளிப்புறம் சுருள்கிறதா என்றும் பார்ப்பார்கள். தோப்பில் நின்றபடியே ஒரு கத்தியைக் கொண்டு செய்துவிடலாம் என்பதால் எனக்கும் இந்த முறையின் மேல் பிரியம் உண்டு. ஆனால் ஏஏபி என்ற மூன்றெழுத்து உட்கருவை மட்டுமே பேசுகிறது. எது தாய், எது தந்தை என்று அது சொல்வதில்லை.

அதைச் சொல்வது உட்கருவுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ. பெரும்பாலான பயிர்களில் பசுங்கணிகம், மைட்டோகாண்டிரியா இரண்டுமே தாயிடமிருந்து வருகின்றன. வாழை இந்த வழக்கத்துக்குப் புறம்பானது. அக்யூமினாட்டாவின் உட்சிற்றினங்களைக் கலந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர்கள், பசுங்கணிகம் தாய்வழியிலும் மைட்டோகாண்டிரியா தந்தைவழியிலும் செல்வதை 1994இல் காட்டினர். வெள்ளரியிலும் இப்படித்தான். நம் வீடுகளில் குலதெய்வம் தந்தைவழியில் வருவதைப் போல, வாழையின் மைட்டோகாண்டிரியா மகரந்தம் தந்தவரின் வழியில் வருகிறது. 2002இல் கேரலும் உடன் ஆய்ந்தோரும் இவ்விரு டிஎன்ஏக்களையும் சேர்த்துப் படித்து, பல வாழை ரகங்களின் தாய்வழியையும் தந்தைவழியையும் தனித்தனியே பிரித்துக் காட்டினர்.

திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது 1993இல்; பிரெஞ்சு முடிவு வெளியானது அதற்கடுத்த ஆண்டு. அந்த முடிவு கலப்பினப் பணிக்கு என்ன பொருள் தருகிறது என்பதுதான் என் கேள்வி. நாம் உண்ணும் மும்மடிய (மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட) ரகங்களுக்கு நல்ல மகரந்தம் அரிது. எனவே அவற்றைத் தாயாக வைத்து, மகரந்த வளமுள்ள இருமடியத்தைத் தந்தையாகக் கொள்வதே வழக்கமான பாதை. ஒரு தாருக்குச் சில விதை கிடைத்தாலே பெரிது. அந்தச் சில விதையிலும் தாய் ரகத்தின் மைட்டோகாண்டிரியா இருக்காது. காவிரிக் கரையில் பக்கக்கன்று வழியாகத் தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வந்த ஒரு வழி, முதல் கலப்பிலேயே முடிந்துவிடுகிறது. அக்யூமினாட்டாவில் கண்டது ஏஏபி, ஏபிபி ரகங்களுக்கும் பொருந்தும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் வாதம் இது. ஒவ்வொரு கலப்பிலும் அதைச் சோதித்துவிடலாம், கடினமில்லை.

மறுப்பு ஒன்று எழும். செடிகளின் மைட்டோகாண்டிரிய மரபணுக்கள் மிக மெதுவாகவே மாறுபவை. ஒன்று போய் இன்னொன்று வந்தால் என்ன? மாறுவது மெதுவாகத்தான். ஆனால் அந்த டிஎன்ஏ தன்னைத் தானே துண்டாடி, மறுபடி இணைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. அப்படி இணையும்போது புது மரபணுக்களும் பிறக்கின்றன. அமெரிக்க மக்காச்சோளத்தின் டி-சைட்டோபிளாசத்தில் அவ்வாறு பிறந்ததுதான் டி-யுஆர்எஃப்13. ஆண் மலட்டுத்தன்மை தந்ததால் விதை உற்பத்தியாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். இலைக்கருகல் பூஞ்சையின் நச்சு பற்றிக்கொள்ள இடம் தந்ததும் அதே மரபணுதான். 1970இல் அந்நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போனது. உட்கருவை மட்டும் பார்த்த கணக்கில் அந்த ஆபத்து தெரிந்திருக்காது.

ஆகவே புதுக் கலப்பினத்தின் பதிவேட்டில் ஏ, பி எழுத்துகளோடு தந்தையின் மைட்டோகாண்டிரிய வகையும் ஏற வேண்டும். ஒரே தாயோடு, உட்கருவில் நெருங்கியும் மைட்டோகாண்டிரிய வகையில் வேறுபட்டும் உள்ள தந்தைகளைச் சேர்த்த வரிசைகளை வறட்சியிலும் வாடல் நோயிலும் ஒப்பிட்டால், உட்கருவின் பங்கையும் மைட்டோகாண்டிரியாவின் பங்கையும் பிரித்தறியத் தொடங்கலாம். ஒரு வாழை குலை தள்ளி அறுவடையாக ஓராண்டுக்கு மேல் ஆகும். ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தில் இத்தகைய வரிசைகள் சிலவற்றைத்தான் முடிக்க முடியும். ரஸ்தாளியை வாடல் நோயிலிருந்து காக்க மரபணுத் திருத்தத்தை நாடினால் மட்டும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை: கலப்பே இல்லாததால் அதன் மைட்டோகாண்டிரியா அப்படியே தங்கிவிடும்.