மலைச் சைக்கிள் டயர் வந்த கதை



பிள்ளைக்கு சைக்கிள் எடுக்கப் போனால் கட்டி கட்டியாகப் புடைத்த டயரில்தான் நம் கண் நிற்கிறது. அது எந்தப் பாதைக்குப் பிறந்தது?

1933இல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பனி 2.125 அங்குலப் பருத்த டயரோடு சைக்கிள் விற்றது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களையே மலை மண்பாதையில் இறக்கினார்கள். 1976இல் பந்தயமே வைத்தார்கள். பெயர் 'ரீபேக்'. ஏனென்றால், ஒரு இறக்கத்திலேயே பிரேக் சூட்டில் ஹப்புக்குள் கிரீஸ் எரிந்துவிடும், திரும்ப அடைக்க வேண்டும்! (அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம்.)

அந்தப் புழுதியைக் கடித்துப் பிடிக்கத்தான் கட்டிகள். தார் ரோட்டில் அவை நசுங்கி நிமிர்ந்து மிதிக்கிறவரின் பலத்தைத் தின்கின்றன. மழையில் வளைவெடுத்தால் வழுக்கவும் செய்யும். பள்ளிக்கூடம் வரும் பிள்ளை பெரும்பாலும் தாரில்தானே ஓடுகிறது? இடையில் கிரவல் ஒழுங்கையும் இருந்தால், நடுவில் வழவழப்பும் ஓரத்தில் கட்டியும் உள்ள டயரைக் கேளுங்கள். தாருக்குக் காற்று இறுக்கமாக, மண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக. எதுவானாலும் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள்.