மருத்துவச்சி ஊற்றிய தண்ணீர்

என் அம்மா இரண்டு முறை ஞானஸ்நானம் பெற்றவர்.

முதல் முறை, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், பிறந்த இரவிலேயே. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை. அழவில்லை. விடியும்வரை தாங்காது என்று நினைத்தார்கள். பேறு பார்த்த மருத்துவச்சி ஊர்க் குடிமகள்; கிறிஸ்தவர் அல்லர். ஆபத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் சொம்புத் தண்ணீரைக் குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னார். குழந்தை பிழைத்தது. பிறகு கோயிலுக்குத் தூக்கிப் போனபோது சாமியார் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. நாக்கில் உப்பு வைத்து, உச்சியில் தைலம் பூசி, மீதிச் சடங்குகளை மட்டும் முடித்தார்.

இரண்டாம் முறை 52 வயதில், பவானி ஆற்றில். கல்யாணமாகி சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கு வந்து, பிள்ளைகளை வளர்த்து முடித்து, பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு. இடுப்பளவு தண்ணீரில் போதகர் அம்மாவை முழுக்காட்டி எடுத்தார். "கொழந்தையில கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல" என்று கரையில் நின்று சொன்னார். அதைக் கேட்ட அம்மாயி அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

அம்மாவிடம் நான் சண்டைக்குப் போனேன். "ஒரு பொம்பள செஞ்சதச் செல்லாதுன்னு ஒரு ஆம்பள சொல்றாரு, நீ தலையாட்டிட்டு வர்றே" என்றேன். அம்மா சொன்னார்: "அன்னிக்கு என்னைக் கேட்டா ஊத்துனாங்க? இன்னிக்கு நானா எறங்குனேன் கண்ணு."

இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. வரலாற்றைத் தேடிப் போனது அதனால்தான்.

சபைகளின் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். கத்தோலிக்கர், லுத்தரன்கள், சி.எஸ்.ஐ. போன்றோருக்கு இறைவனின் அருள் முந்துகிறது. விசுவாசம் பின்னால் வளரும். ஆகவே குழந்தைக்குக் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தால் போதும். சி.எஸ்.ஐ.யில் வளர்ந்த பிள்ளை திடப்படுத்தலில் தன் வாயால் அறிக்கையிடும். பாப்டிஸ்டுகள், பிரதரன் சபையார், பெந்தெகொஸ்தேயினருக்கு விசுவாசம் முந்த வேண்டும். அதன் பிறகே முழுக்கு. தங்கள் பார்வையில் அது மறு ஞானஸ்நானம் அல்ல, அதுவே முதலாவது. உலகத் திருச்சபை மன்றத்தின் 1982 ஆம் ஆண்டு லீமா ஆவணம் ஞானஸ்நானத்தைத் திரும்பச் செய்யலாகாது என்றது. ஆனாலும் வழக்கு தீரவில்லை. தமிழில் இன்னொரு வேடிக்கை: 'திருமுழுக்கு' என்ற சொல்லை வைத்திருக்கும் கத்தோலிக்கர் பெரும்பாலும் தலையில்தான் ஊற்றுகிறார்கள், முழுகுகிறவர்கள் 'ஞானஸ்நானம்' என்கிறார்கள்.

இரு தரப்பும் ஒரே பெண்ணைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த 'வீட்டாரில்' குழந்தைகள் இருந்தார்களா என்பதே வாதம். சொந்தத் தொழிலும் சொந்த வீடும் கொண்ட ஒருத்தி தானே முடிவெடுத்தாள் என்ற செய்தி இந்த வாதத்தில் மறைந்துபோகிறது.

முதலில், ஊற்றும் கை. பெண் ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்று இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெர்த்துல்லியன் கடிந்து எழுதினார். 1439 இல் புளோரன்ஸ் சங்கம், அவசரத்தில் குருவோ திருத்தொண்டரோ மட்டுமன்றிப் பொதுநிலையினரும், பெண்ணும், ஏன், கிறிஸ்தவரல்லாதவரும்கூடக் கொடுக்கலாம் என்றது. அந்த வரிசையில் பெண் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஆனாலும் அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் சாளை மருத்துவச்சி நுழைந்தார்.

அந்தக் கதவைச் சாத்தியவர்கள் சீர்திருத்தக்காரர்கள். கால்வின் மருத்துவச்சிகளின் ஞானஸ்நானத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தையையும் கடவுள் கைவிடமாட்டார், ஆகவே அவசரமே இல்லை என்பது அவர் வாதம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அந்த ஆறுதலோடு, பெண் கையில் இருந்த ஒரே திருச்சடங்கும் போயிற்று. 1604 இல் இங்கிலாந்துத் திருச்சபையும் அவசர ஞானஸ்நானத்தை முறையான குருவுக்கே உரியதாக்கியது. 1830 இல் கோயம்புத்தூருக்கு வந்த லண்டன் மிஷனின் ஆடிஸ் கால்வின் வழிவந்த மரபைச் சேர்ந்தவர்.

அடுத்து, யார் தகுதியானவர்? தஞ்சைப் பிராமண விதவை கோகிலா, லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார். அவரை உடன்கட்டையிலிருந்து மீட்டவரே அந்த அதிகாரிதான் என்பர். கோகிலா ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார் என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778 இல் பாளையங்கோட்டையில்தான் கொடுத்தார். கோகிலா கிளாரிந்தா ஆனார். 1780 இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலின் 40 பேரில் முதல் பெயர் அவருடையது. 1785 இல் எழுந்த ஆலயத்தை மக்கள் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே அழைத்தார்கள். மணம் முடிக்காத குற்றத்துக்கான காத்திருப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சபையைக் கட்டியதும் அவரே.

கடலாயியின் கதை இதற்கு மறுபக்கம். மறவர் சீமையின் தடியத் தேவர் 1693 இல் ஞானஸ்நானம் பெற, முதல் மனைவி தவிர மற்ற மனைவியரை விலக்க வேண்டும் என்பது அருளானந்தர் விதித்த நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. மறைசாட்சி வரலாறுகளில் கடலாயி வஞ்சம் தீர்த்தவளாகவே வருகிறார். கணவன் முழுகி எழுந்ததும் வீடு இழந்த பெண்ணாக அவரைப் பார்த்த பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

இந்த வழக்கு எங்கள் கருமத்தம்பட்டிக்கும் வந்தது. ஞானஸ்நானத்தின்போது குரு தன் எச்சிலால் காதையும் மூக்கையும் தொடும் சடங்கை, தமிழர் அருவருப்பர் என்று மதுரை மிஷன் சேசு சபையினர் விட்டுவிட்டிருந்தார்கள். 1704 இல் பாப்பரசரின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை அதைச் செய்தே தீரவேண்டும் என்றது. அதே ஆணை பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் பூப்புச் சடங்கையும் தடுத்தது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்ணைக் கோயிலிலிருந்து விலக்காதே என்றும் சொன்னது. 300 ஆண்டுக்கு முன் அப்படி ஒரு வரி! ஆனால் தாலி, தீட்டு, பூப்பு பற்றி வாதிட்ட இரு பக்கமும் ஆண்களே. எந்தப் பெண்ணையும் கேட்டதற்குச் சுவடில்லை. 1744 இல் ரோம் இதை இறுதியாக்கி, மிஷனரிகள் அனைவரையும் சத்தியம் செய்ய வைத்தது. 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராக அருட்பொழிவு பெற்ற மரியோன் பிரெசிலாக், சாதி வழக்கங்களில் எதை அனுமதிப்பது என்ற மனச்சிக்கல் தீராமல் பதவியைத் துறந்தார். அந்தச் சத்தியம் 1940 இல்தான் நீங்கியது.

குழந்தை ஞானஸ்நானம் இன்று நீதிமன்றத்திலும் நிற்கிறது. 1950 ஆம் ஆண்டு அரசாணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கை 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் தொடர்ந்து கோயிலுக்குப் போனதோடு, கைக்குழந்தையாக 1991 இல் பெற்ற ஞானஸ்நானமும் அவருக்கு எதிரான சான்றாயிற்று. சாதி அவரைவிட்டுப் போனதா என்று பதிவேடு சொல்லாது. 'என்னைக் கேட்டா ஊத்துனாங்க?' என்ற அம்மாவின் கேள்வி இங்கே எவ்வளவு கனக்கிறது!

ஆற்றில் இறங்கிய அம்மாவுக்கும் விலை இருந்தது. முழுக்குக்கு முன் 'வீட்டுக்காரர் சம்மதம்' கேட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். பழைய சபையிலிருந்து, அங்கத்தினர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று கடிதம் வந்தது. தானாக இறங்கியவளுக்கும் ஒரு ஆண் கையெழுத்து தேவைப்பட்டது.

போன வருடம் அம்மாவின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கப் போனேன். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் இருந்தன. கொடுத்தவர் என்ற இடத்தில் சாமியார் பெயர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவங்க ஊத்துனதும் நெசம், நான் எறங்குனதும் நெசம். இதுல எதைச் செல்லாதுங்கறது?" என்றார். பிறகு, மருத்துவச்சியின் பெயரை எங்காவது எழுதிவைக்கச் சொன்னார்.

அம்மாயியிடம் கேட்டேன். "மருத்துவச்சின்னுதான் கூப்புடுவோம். பேரு என்னான்னு கேட்டதே இல்ல சாமி" என்றார்.